வீட்டுத்தோட்டத் தக்காளியும் அணில் தொல்லையும்



தக்காளி காய்க்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். தண்ணீர் ஊற்றியாயிற்று, கொம்பு நட்டுக் கட்டியாயிற்று, பக்கக் கிளையைக் கிள்ளியாயிற்று. கீழ்க் கொத்தில் முதல் பழம் சிவக்கிற அன்று போய்ப் பார்த்தால் அதன் ஒரு கன்னத்தில் பல் பட்டிருக்கும். மறுநாள் அடுத்த பழம். முழுப் பழத்தையும் தின்றுவிட்டுப் போனாலாவது மனம் ஆறும். இந்த அணில் ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும்.

உங்களில் பலர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் மீளக்குடியேறி, வளவில் பத்துப் பன்னிரண்டு செடி வைத்து வீட்டுச் செலவைச் சமாளிக்கிறவர்கள். சிலருடைய தாய் தகப்பன் 1977 இலும் 1983 இலும் கலவரத்துக்குப் பயந்து எங்கள் மலைகளை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அதனால் பண்டாரவளைப் பக்கத்துக் கதை உங்களுக்குப் புதிதாக இராது. எங்களிடம் கேட்கப்படும் கேள்வியும் உங்களிடம் இருக்கும் கேள்வியும் ஒன்றுதான்: காசு செலவில்லாமல், வீட்டில் இருப்பதைக் கொண்டு அணிலை எப்படித் தடுப்பது? ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்தவள் என்ற முறையில், எது எத்தனை நாளைக்கு உதவும், எதை வீட்டுப் பக்கமே கொண்டுவரக்கூடாது என்பதை எழுதுகிறேன்.

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. மரக்கறிக்குப் பேர்போன இடம். விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இங்கே இருக்கிறது. ஆனால் அயிஸ்லபி, நாயபெத்தை, பூனாகலை போன்ற தோட்டங்களில் லயத்தில் இருக்கிற பெண்களுக்கு மரக்கறி போட அகப்படுவது காம்பராவுக்குப் பின்னால் உள்ள ஒரு துண்டு நிலம்தான். அதுவும் அவர்கள் பெயரில் இல்லை. 7 பேர்ச் காணியில் புது வீடு கிடைத்தவர்களுக்கும் வீடு போக மிஞ்சுவது கொஞ்சம். 2022 இல் உரமும் இல்லை, சந்தையில் மரக்கறியைத் தொடவும் முடியவில்லை என்று நாடே தவித்தபோது, அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். கொழுந்து எடுக்கிறவளுக்கு அந்த லீவு இல்லை. இருந்தும் அந்த வருஷம் லயத்துப் பின்புறத்தில் சும்மா கிடந்த இடமெல்லாம் கொத்தப்பட்டது. இப்படிக் கொத்திப் போட்ட நிலத்தில் பத்துப் பழம் போனால் அது பெரிய நட்டம். பத்துப் பழம் என்றால் பிள்ளைகளின் குழம்பு இரண்டு மூன்று நாளைக்கு.

முதலில் கள்ளன் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடியும் அணில் கடி அல்ல. அணில் பகலில் நடமாடும். விடிந்து சூரியன் ஏறும் நேரத்திலும், பின்னேரத்திலும் வரும். மாலையில் முழுதாக இருந்த பழம் விடியும் முன் கடிபட்டிருந்தால் அது எலி. பழத்தில் கூரான குத்தும் அதைச் சுற்றிச் சிறிய பள்ளமும் இருந்தால் கொண்டைக்குருவி. ஒரு வட்டத் துளையும் உள்ளே புழுவும் இருந்தால் காய்துளைப்பான். பழத்தின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் காய்ந்திருந்தால் யாரும் கடிக்கவில்லை. ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வரட்சியாகவும் தண்ணீர் விட்டால், செடிக்குச் சுண்ணாம்புச் சத்து ஒழுங்காக ஏறாமல் அப்படி ஆகும். செடியையே முறித்துப் பிஞ்சையும் பிய்த்து எறிந்திருந்தால் குரங்கு. அதற்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. குரங்குக்கு நாடே மருந்து தேடிக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம், அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், தண்டுலேனா என்று சிங்களத்தில் சொல்லும் பெரிய மலை அணில் எல்லாவற்றையும் எண்ணிக் கொடுக்கும்படி நாடு முழுவதும் கேட்டார்கள். முதுகில் மூன்று கோடு உள்ள நம் சின்ன அணில் அந்தப் பெரிய கள்ளர்களின் பட்டியலில் வரவில்லை. ஆனால் தக்காளிக்கு அதுதான் அன்றாட ஆள்.

அணில் ஏன் தக்காளிக்கு வருகிறது? பசிக்கு மட்டும் அல்ல. தக்காளிப் பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். ஜூன் மாதம் தொடங்கி செப்டெம்பர்வரை எங்கள் பக்கம் உலர்ந்த காற்று வீசும். மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிற காற்று இது. வடக்கில் நீங்கள் சோளகம் என்றும், கிழக்கில் கச்சான் என்றும் சொல்வது இதைத்தான். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவது இந்தக் காற்றில்தான் என்று கொம்பனிகள் பெருமையாகச் சொல்லும். அதே காற்றில் பீலித் தண்ணீர் நூலாகிவிடும். அணிலுக்கும் தாகம். ஒரு கடி கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, அடுத்த பழத்துக்குப் போவதன் காரணம் இது. மழைக் காலத்தில் இதே அணில் தக்காளியை அவ்வளவாகத் தேடுவதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

ஆகவே வெயில் காலத்தில் செய்யக்கூடிய முதல் வேலை, தக்காளிப் பாத்தியிலிருந்து தள்ளி, ஒரு மரத்தடியில் சிரட்டையில் தண்ணீர் வைப்பது. இதனால் கடி முழுதாக நிற்காது, குறையும். சிரட்டையைத் தினமும் கவிழ்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு கிழமை அப்படியே விட்டால் டெங்கு நுளம்பை நாமே வளர்த்ததாகிவிடும். தண்ணீர் வைக்கலாம், தீனி வைக்காதீர்கள். சோறும் பழத்தோலும் போட்டால் இரண்டு அணில் வருகிற இடத்துக்கு ஆறு வரும்.

இனி வைத்தியங்கள். பெரும்பாலோர் சொல்வது மிளகாய்த் தண்ணீர். இதில் உண்மை இருக்கிறது. மிளகாயின் எரிவைத் தருவது கப்சைசின் என்ற பொருள். பாலூட்டிகளின் வாயிலும் தோலிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டிவிடுகிறது. அதனால்தான் நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது. இந்த உணர்வின் வழியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கும் செத்தல் மிளகாயை வைத்துத்தான் அவர் ஆராய்ந்தார் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் பெருமையும் வரும். பறவைகளுக்கு இந்த எரிவு தெரியாது. 2001 இல் அமெரிக்காவில் காட்டு மிளகாயை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பறவைகள் அதைத் தின்று விதை பரப்பின, எலி வகைகள் தொடவில்லை என்று கண்டார்கள். அணிலும் எலியைப் போலக் கொறிக்கும் இனம். எனவே மிளகாய்த் தண்ணீர் அணிலுக்கும் எலிக்கும் உறைக்கும்; கொண்டைக்குருவிக்கு ஒன்றும் செய்யாது.

நான் செய்யும் விதம் இது. பத்துச் செத்தல் மிளகாயையும் ஒரு வெள்ளைப்பூண்டையும் இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டு, மூடி இரவு முழுக்க வைக்க வேண்டும். காலையில் பழைய சீலைத் துண்டில் இரண்டு தரம் வடிகட்டுங்கள். கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி ஒரு தேக்கரண்டி கரைத்துச் சேர்த்தால் பழத்தோலில் ஒட்டும். சலவைத் தூள் போடாதீர்கள், இலை கருகும். வெயில் தணிந்த பிறகு, காயிலும் பழத்திலும் மட்டும் தெளியுங்கள். முதலில் ஒரு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துக்கொள்வது நல்லது. கொதிக்கும்போது கதவு யன்னலைத் திறந்துவிடுங்கள். காம்பராவுக்குள் கைக்குழந்தையோ முட்டு வருத்தக்காரரோ இருந்தால் வெளியில் அடுப்பு மூட்டிச் செய்யுங்கள். காற்று வரும் பக்கம் முகத்தைக் காட்டித் தெளிக்கக்கூடாது. எரிவு தண்ணீரில் போகாது, எண்ணெயில் போகும். ஆகவே கையில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பால் கொடுக்கிற தாய்மார் இதில் மிகக் கவனம். பறித்த பழத்தையும் கழுவாமல் பிள்ளை கையில் கொடுக்கக்கூடாது.

இவ்வளவு பாடுபட்டால் எத்தனை நாளைக்கு? மழை இல்லாவிட்டால் நாலைந்து நாள். ஒரு மழை பெய்தால் அன்றோடு சரி. மிளகாய் விற்கிற விலையில் இதைக் கிழமைக்கு இரண்டு தரம் செய்வது எல்லோருக்கும் கட்டாது. இடிக்கிற நேரம், விறகு, தண்ணீர் இவற்றையும் கணக்கில் சேருங்கள். நம் உழைப்பை நாமே இலவசம் என்று எழுதிவிடுகிறோம். முதல் இரண்டு கொத்துப் பழுக்கும் சமயத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ தெளித்தால், இங்கே சுவை சரியில்லை என்று அணில் படிக்கும். அதற்கு மேல் அதை நம்பி இருக்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. சாம்பல் பூச்சிக்கு ஓரளவு உதவும், அணிலுக்கு அல்ல. வேப்பெண்ணெயும் அப்படித்தான்; அதோடு எங்கள் குளிரில் வேப்பமரம் ஒழுங்காக வளர்வதும் இல்லை. மினுங்கும் பழைய சீடித் தட்டு, கசெட் நாடா, தகரப்பேணி ஆகியவற்றுக்கு அணில் மூன்று நாள் பயப்படும், நாலாம் நாள் அதன் மேலேயே உட்காரும். கருவாட்டுத் தலை கட்டினால் பூனை வரும், பூனைக்கு அணில் பயப்படும் என்பார்கள். கருவாட்டுக்கு எலியும் வரும் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மண்ணெண்ணெய்த் துணி செடியைக் கருக்கும். உடுப்புப் பெட்டியில் போடும் அந்துருண்டையைப் பாத்தியில் போடவே கூடாது. அது நஞ்சு. பார்வைக்கு இனிப்பு மாதிரி இருப்பதால் சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் போடுவார்கள்.

வெடி கொளுத்துகிறவர்களும் உண்டு. யானைக்கும் குரங்குக்கும் போடுகிற வெடியை அணிலுக்குப் போடுவது வீண் செலவு. அதைவிட, யுத்தத்துக்குள் வாழ்ந்து வந்த வீடுகளில் அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளை விளையாட்டாகக் கைதட்டும், அதே சத்தத்தில் உள்ளே இருக்கிற தாய்க்கு நெஞ்சு படபடக்கும். அணிலுக்காக அந்தச் சத்தத்தை நாமே வீட்டு வாசலில் எழுப்ப வேண்டாம்.

அடுத்தது நஞ்சு. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அம்மாயி, நான் அணிலைக் கல்லால் எறியப் போனதற்கே கோபித்துக்கொண்டவர். “ஏம்மா, ராமரு முதுகுல தடவிக் குடுத்த புள்ள அது. அதப் போயி அடிப்பியா?” என்றார். இராவணா எல்லை நீர்வீழ்ச்சி பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிற ஊர் இது. இராமர் அணையில் மணல் சுமந்த அணிலை இங்கே யாரும் சும்மா பேச விடமாட்டார்கள். நம்பிக்கையை ஒருபக்கம் வைத்தாலும், நஞ்சு வைப்பதால் பயனில்லை. அணில் ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டி போடும். இரண்டைக் கொன்றால் காலியான இடத்துக்குப் பக்கத்து மரத்திலிருந்து வேறு இரண்டு வரும். செத்த அணிலைத் தூக்கிய பூனையும் நாயும் சாகும். நஞ்சு தடவிய தேங்காய்த் துண்டைக் கோழி கொத்தும், குழந்தை எடுக்கும்.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு, அதுவே பெரியது. பயிருக்கு அடிக்கும் நஞ்சு வீட்டு மூலையில் இருந்ததால் எத்தனை உயிர் போனது என்பது நம் நாட்டுக்குத் தெரியும். 1995 இல் உலகிலேயே தற்கொலை அதிகம் நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த வருஷமும் 1998 இலும் மிகக் கொடிய பூச்சி நாசினிகளைத் தடை செய்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் அந்தத் தொகை பாதியாகக் குறைந்தது. மனிதருடைய கவலை பாதியாகக் குறைந்ததா? இல்லை, யுத்தமும் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. கொடிய நஞ்சு கைக்கு எட்டாமல் போனதுதான் காரணம். கணவனை இழந்தவர், பிள்ளையைத் தேடிக்கொண்டே இருக்கிறவர், கடன்காரர் வாசலில் நிற்கிறவர் என்று நம்மில் யார் வீட்டிலும் ஒரு கெட்ட இரவு வரும். அந்த இரவில் அணிலுக்கு வாங்கிய போத்தல் அலமாரியில் இருக்கக்கூடாது. ஏற்கெனவே இருந்தால், பூட்டு உள்ள பெட்டியில் வைத்துத் திறப்பை நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். யாராவது தவறி நஞ்சு குடித்துவிட்டால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்படியானால் உதவுவது என்ன? இரண்டு வேலைகள். மூடுவது ஒன்று, முந்திப் பறிப்பது மற்றது.

மூடுவதற்கு விலை கொடுத்து வலை வாங்க வேண்டியதில்லை. பெரிய வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பையைக் கடைக்காரரிடம் கேட்டால் தருவார். காய் சற்றுப் பருத்த பிறகு, கொத்தோடு சேர்த்துப் பைக்குள் விட்டு, வாயைத் துணி நாடாவால் தண்டில் இளக்கமாகக் கட்டுங்கள். அணிலின் முன்பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். ஒற்றைப் பையை அறுத்துவிடும். இரண்டு பையை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் பல் பழத்தை எட்டுவது குறைவு. பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். முகாம் காலத்தில் கிடைத்த நுளம்பு வலை கிழிந்து, படுக்கைக்கு உதவாமல் கிடந்தால் அது பாத்திக்கு நல்லது. நாலு கொம்பு நட்டு மேலே போர்த்து, ஓரத்தைக் கல் வைத்து அமத்துங்கள். மருந்து ஊட்டிய வலையானால் கிணற்றடியிலோ குளத்திலோ கழுவக்கூடாது, மீனுக்குக் கேடு. நல்ல வலையைப் பிள்ளையின் கட்டிலிலிருந்து எடுத்துத் தக்காளிக்குப் போடாதீர்கள். வலைக்குள் தேனீ போகாதே என்று பயப்படத் தேவையில்லை. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காலை பத்து மணிபோல் கொம்பை விரலால் தட்டிவிட்டால் போதும். பழைய மீன்வலை மட்டும் வேண்டாம். அணில் மட்டுமல்ல, பாம்பும் அதில் சிக்கும். சிக்கிய பாம்பை விடுவிக்கப் போவது யார்?

வன்னிச் சகோதரிகளுக்கு ஒரு சொல்: கொம்பு வெட்டக் காட்டோரம் போகும்போது, கண்ணிவெடி அகற்றி முடியாத இடத்துக்குள் கால் வைக்காதீர்கள். கிளிசரியாக் கதியால் வேலியிலேயே கொம்பு எடுக்கலாம்.

முந்திப் பறிப்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். தக்காளி செடியிலேயே முழுதாகப் பழுக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. தேவையில்லை. காய் முற்றியதும் அதன் அடிப்பக்கத்தில் பச்சை வெளுத்து, லேசாக மஞ்சளோ இளஞ்சிவப்போ ஓடும். அந்த நேரத்தில் பழுப்பதற்கு வேண்டியதெல்லாம் காய்க்குள்ளேயே வந்துவிட்டது. அன்றே பறித்து வீட்டில் வைத்தால், செடியில் பழுத்ததுக்குப் பெரிதாகக் குறையாத சுவையில் பழுக்கும். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து தூர இடங்களுக்கு லொறி ஏறுகிற தக்காளியும் முழுதாகச் சிவக்க முன் பறித்ததுதான். அணில் தேடுவது சிவப்பையும் சாற்றையும். நிறம் ஓடிய காயில் பெரும்பாலும் இன்னும் அது பல் வைப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், விடிந்ததும் பாத்தியைச் சுற்றி வந்து நிறம் ஓடியதை எல்லாம் பறியுங்கள். பிரட்டுக்குப் போகும் முன் பத்து நிமிட வேலை. மிளகாயும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

பறித்ததை வெயிலில் வைக்காதீர்கள். பழுக்க வெளிச்சம் தேவையில்லை. கடதாசிப் பெட்டியில் பழைய பத்திரிகை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று வராமல், காம்புப் பக்கம் மேலே இருக்க அடுக்குங்கள். அவசரமானால் ஒரு பழுத்த வாழைப்பழத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதிலிருந்து வரும் வாயு தக்காளியையும் பழுக்க வைக்கும். எங்கள் குளிரில் ஐந்தாறு நாள் எடுக்கும். உங்கள் பக்கத்துச் சூட்டில் விரைவில் பழுக்கும், ஆனால் முப்பது பாகைக்கு மேல் போனால் நல்ல சிவப்பு வராமல் செம்மஞ்சளாக நின்றுவிடும். அதனால் வீட்டில் மிகக் குளிர்ந்த மூலையில், நீர்ப்பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தாலும் பழுக்காத காயை அதில் வைக்க வேண்டாம். பழுப்பது நின்று சுவையும் கெடும்.

கடைசியாக, கடிபட்ட பழம். கடித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. கடித்தது அணிலா எலியா என்று நிச்சயமாகத் தெரியாது. எலிக்காய்ச்சல் மலிந்த நாடு இது. சாப்பிட வேண்டாம். ஆனால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின போன்ற சாதாரண இனமானால், நன்றாகப் பழுத்த பழத்தின் விதை அடுத்த போகத்துக்கு உதவும். கலப்பின விதையில் முளைத்த செடியானால் தாயைப்போல் பிள்ளை வராது, அதை உரக்குழியில் போடுங்கள். விதையைச் சாற்றோடு ஒரு கோப்பையில் பிழிந்து இரண்டு நாள் மூடி வையுங்கள். மேலே நுரை கட்டிப் புளிக்கும், அப்போது விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கழன்றுவிடும். நாலைந்து தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்துப் பீங்கான் தட்டில் நிழலில் காயவிடுங்கள். கடதாசியில் காயப்போட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு நகத்தால் சுரண்ட வேண்டிவரும்.